விடிந்த பிறகு போங்கள்: நன்னன் நாட்டில் மலை சைக்கிள்

திருவண்ணாமலையில் கியர் சைக்கிளை வாசலில் நிறுத்தினால் போதும், தெருவில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "சார், இது மலை ஏறுமா?" எந்த மலை என்று அவர் சொல்வதில்லை. இந்த ஊரில் மலை என்றால் ஒரே மலைதான்.

ஏறும். ஆனால் நான் ஏற்றுவதில்லை. அண்ணாமலையின் சரிவுகள் காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. இது சட்டக் காரணம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் காரணம் வேறு. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மலை மொட்டையாகக் கிடந்தது. பல குழுக்கள் வருஷா வருஷம் கன்று நட்டு, கோடையில் புல் பற்றிக்கொள்ளும்போதெல்லாம் ஓடிப்போய் அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். சரிவில் இறங்கும்போது பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் டயர் ஏர் ஓட்டின மாதிரி ஒரு கோடு கிழிக்கும். அடுத்த மழையில் அந்தக் கோடு ஒரு சின்ன வாய்க்கால். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகருக்கு மேலே மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அதற்குக் காரணம் சைக்கிள் இல்லை, கொட்டித் தீர்த்த மழை. ஆனாலும் அன்றிலிருந்து, அந்தச் சரிவில் என்னால் ஒரு கோடுகூட விழ வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அப்ப எங்கே ஓட்டுவது? மேற்கே. கிரிவலப் பாதையிலிருந்து காஞ்சி ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஊர் சத்தம் அடங்கிவிடும். ஏரிக்கரைகள், புளிய மரங்கள், வலப்பக்கம் தள்ளித் தள்ளித் தெரியும் குன்றுகள். அதற்குப் பின்னால் பர்வதமலை. அதற்கும் பின்னால் சுவர் மாதிரி ஜவ்வாது மலை. நடுவில் செய்யாறு. மேற்கே போனால் செங்கம், திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. இந்தப் பரப்புக்கு ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது. எழுதி ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு வருஷம் ஆகியிருக்கும். அந்தப் புத்தகத்தைப் பற்றியும், அதைச் சரியாகப் படிக்காததால் நான் கிட்டத்தட்டச் செத்துப்போயிருக்க வேண்டியதைப் பற்றியும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வண்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை. மவுண்டன் பைக் ஒன்றும் பழைய கண்டுபிடிப்பு இல்லை. 1970களில் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமல்பாயஸ் மலையைச் சுற்றியுள்ள ஊர்ப் பையன்கள், பழைய இரும்புக் கடைச் சைக்கிள்களில் தடித்த டயர் போட்டு மண் சரிவுகளில் இறங்கி விளையாடினார்கள். 1976இல் அங்கே ஒரு பந்தயம் தொடங்கியது, பெயர் ரீபேக். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில். ஒரு தடவை இறங்கினால் பின்சக்கர நடுவில் உள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும், மறுபடி பேக் பண்ண வேண்டும். அதுதான் ரீபேக். அடுத்த வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே ஒரு ஃபிரேம் செய்தார். மிச்சம் வரலாறு. (டமல்பாயஸில் 'தமிழ்' ஒளிந்திருக்கிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அந்த ஊர்ப் பழங்குடிகளான மிவோக் மக்களின் சொல். 'மேற்கு மலை' என்று பொருள்.) விளையாட்டு பிறந்த அதே மலையில், நடப்பவர்களோடும் குதிரைக்காரர்களோடும் தகராறு வந்து, ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. காட்டுத்தீ அணைக்கப் போட்ட அகல மண்சாலைகளில் மட்டும் ஓட்டலாம் என்று ஆனது. 'இந்தப் பாதை யாருடையது' என்ற கேள்வி இந்த வண்டியோடு கூடவே பிறந்திருக்கிறது. பின்னால் நமக்கு இது தேவைப்படும்.

நம்ம ஊர் மண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர் உள்ள சாதாரண வண்டி போதும். டயர் ரெண்டு இஞ்சுக்குக் குறையக் கூடாது. தார் ரோட்டில் 40 பிஎஸ்ஐ காற்று வைத்து ஓட்டிவிட்டு, மண் பாதை வந்ததும் 25 வரை இறக்கிவிடுவேன். காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லைச் சுற்றி மடியும். தரையோடு ஒட்டும் பரப்பு கூடும், வழுக்குவது குறையும். இதை நம்பாமல் நான் ரெண்டு வருஷம் கல்லு மாதிரி டயரோடு ஓட்டி முட்டி உரிந்தேன். எதிரி யார் என்றால், கல் இல்லை, முள். வேலிக்காத்தான் முள்ளாவது கண்ணுக்குத் தெரியும். நெருஞ்சி தெரியாது. எப்படி விழுந்தாலும் ஒரு கூர் மேலே பார்த்துக்கொண்டு இருக்கும். அமெரிக்க மேற்குப் பகுதியில் சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று பெயர் வைத்துத் திட்டும் முள்ளும் இதே நெருஞ்சிதான். இங்கிருந்தும் இதைப் போன்ற பழைய நிலங்களிலிருந்தும் அங்கே போய்ச் சேர்ந்த செடி. டியூப் இல்லாத டயரில் சீலண்ட் திரவம் ஊற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி, பத்தில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து இதுதான் நீளம். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மாதான் இன்றைய செங்கம். இதை நாம் இப்போது ஊகித்துச் சொல்லவில்லை. செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் உள்ள இடைக்காலக் கல்வெட்டு ஒன்றே நன்னனுடைய மலையையும் அவன் பெற்ற 'கடாம்' பாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. நன்னனின் நவிர மலை என்று பெரும்பாலோர் கொள்வது பர்வதமலையை. நஞ்சுண்ட கடவுள் அந்த மலையில் இருக்கிறார் என்று பாட்டு சொல்கிறது. இன்றும் உச்சியில் மல்லிகார்ஜுனர் இருக்கிறார். பாட்டில் வரும் சேயாறுதான் நம்ம செய்யாறு. 1889இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகு இது எல்லோர் கைக்கும் கிடைத்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது பெயர் மட்டும், ரெண்டு மார்க் கேள்வியாக.

கதை எளிது. நன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்க்கிறார். 'அவனிடம் போங்கள், இப்படிப் போங்கள்' என்கிறார். அதனால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். மற்ற ஆற்றுப்படைகளிலும் வழி உண்டு. ஆனால் இதில் வழியே பாட்டின் பெரும்பகுதி. அரசனைப் புகழும் இடத்தை உரையோடு மெதுவாகப் படித்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கொட்டாவியோடு. வழி சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கே என்ன விளைந்திருக்கும், எந்தக் குடியில் என்ன சோறு போடுவார்கள், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு, எங்கே ஆற்றின் ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்... ரூட் எழுதிக் கொடுக்கும் ஆளின் குரல் அது. கூட்டம் புறப்படும்போது முழவும் குழலும் யாழும் பைகளில் கட்டித் தொங்குவதைப் பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதற்கு ஒப்பிடுகிறார். சைக்கிளில் முன்னும் பின்னும் பை கட்டி நாலு நாள் பயணம் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் உடனே புரியும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் ரெண்டு மூணு வருஷமாக அந்தப் பக்கம் சுற்றுகிறேன். வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகு காலையில் எனக்கு நேரம் கிடைத்தது, ஆனால் ஒன்பதரைக்கு ஆபீஸ் கால். அதனால் நாலேகாலுக்குக் கிளம்பி, இருட்டில் தார் ரோட்டை முடித்து, வெளிச்சம் வரும்போது மண் பாதையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

ஒரு புரட்டாசி மாசக் காலை. நான் முன்பு ஒரு சித்திரையில் ஓட்டிப் பதிவு செய்துவைத்த ஜிபிஎஸ் தடத்தையே போனில் போட்டு அதன் மேலேயே போய்க்கொண்டிருந்தேன். தார் ரோட்டிலிருந்து பிரிந்து, காட்டோரமும் நிலங்களும் சந்திக்கும் வரப்பு மேல் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும் ஒரு துண்டு. மணி ஐந்தரை ஆகியிருக்காது. ஹேண்டில்பார் லைட் வெளிச்சத்தில் வரப்பின் வாய் தெரிகிறது, திரும்பப் போகிறேன். பக்கத்து நிலத்துக் காவல் பந்தலிலிருந்து டார்ச் அடித்தது.

"யாருப்பா அது? நில்லு, நில்லு!"

நின்றேன். எழுபது வயது இருக்கும் பெரியவர், தலையில் துண்டு, கையில் ஒரு தகர டின். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இருட்டுல எங்க தம்பி போற? அந்தப் பக்கம் பன்னிக்குக் கம்பி போட்டு வச்சிருக்கான். கரண்டு. வெளிச்சம் வரட்டும், அவன் வந்து புடுங்கினப்புறம் போ."

அவர் டார்ச்சைச் சாய்த்துக் காட்டினார். வரப்பிலிருந்து கணுக்கால் உயரத்தில், சின்னச் சின்னக் குச்சிகளில் கட்டின ஒற்றைக் கம்பி. பத்தடி தள்ளி. பனியில் லேசாக மினுங்கியது. சித்திரையில் நான் ஓட்டியபோது அங்கே வெறும் கட்டாந்தரை. இப்போது மல்லாட்டை காய் முற்றி நின்றது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். காட்டுப்பன்றிக்கு அதைவிடப் பிடித்தது கிடையாது. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் மூக்கால் உழுது போட்டுவிட்டுப் போய்விடும், அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது.

அவரோடு பந்தலில் உட்கார்ந்து வெளுக்கும் வரை காத்திருந்தபோதுதான் மலைபடுகடாமின் அந்த இடம் மண்டையில் உறைத்தது. வழியில் உள்ள ஆபத்துகளைச் சொல்லத் தொடங்கும்போதே அந்தக் கூத்தர் இதைத்தான் சொல்கிறார். தினையை அழிக்கும் பன்றிகளுக்கு அஞ்சி, அவை நுழையும் ஒவ்வொரு இடுக்கிலும் பெரிய கல்லால் செய்த பொறி மாட்டிவைத்திருப்பார்கள். ஆகவே இருட்டில் போகாதீர்கள், தங்கி, விடிந்த பிறகு போங்கள். நான் அந்த அடிகளைப் படித்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் 'பன்றிப் பொறி!' என்று ஆச்சரியக்குறி கூடப் போட்டிருந்தேன். பழங்காலத் தகவல் என்று நினைத்துப் போட்ட ஆச்சரியக்குறி அது.

கல்பொறி எப்படி வேலை செய்யும் என்றால், கனமான பலகைக் கல் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, கீழே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். தட்டிவிட்டால் கல் விழும். சங்கப் பாடல்கள் இதை அடார் என்கின்றன. அது பன்றிக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் பார்க்காது. கரண்டுக் கம்பியும் அப்படித்தான்.

இங்கே கொஞ்சம் எலக்ட்ரிகல் பேச வேண்டும், ஏனென்றால் பல பேர் சோலார் வேலியையும் இதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். முறையான சோலார் வேலியில் ஒரு எனர்ஜைசர் இருக்கும். அது கெபாசிட்டரில் சார்ஜைச் சேர்த்து, ஏறத்தாழ விநாடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்கு மட்டும் ஒரு துடிப்பாக அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் மொத்த ஆற்றல் கொஞ்சம்தான், தொட்டால் உதறிவிடும், விலகிவிடலாம். மோட்டார் ஷெட்டிலிருந்து நேராக இழுத்த கம்பியில் வோல்ட் 230தான், ஆனால் அது நிற்காது. விநாடிக்கு 50 சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். தசை இறுகிவிடும், விடுபட முடியாது. சைக்கிள்காரனின் நிலைமை இன்னும் மோசம்: வேர்வையில் நனைந்த உடம்பு, கையில் அலுமினிய ஹேண்டில்பார், கம்பி இருப்பதோ முன்சக்கரமும் கணுக்காலும் படும் உயரத்தில். 'ரப்பர் டயர் காப்பாத்தும்' என்று ஒரு நண்பர் சொன்னார். விழும்போது நாம் டயர் மேலா விழுகிறோம்?

இது சட்டப்படி குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப் போட்ட கம்பியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்து, குட்டிகள் ரெண்டு பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு நின்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே வருஷம் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2025இல் இன்னொரு ஆணை: காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம், 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 1 கி.மீ.க்குள் சுடக் கூடாது. காட்டைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கமே காடாக இருக்கும் ஆளுக்கு இதில் என்ன கிடைத்தது? கம்பி போட்டவர் மேல் எனக்கு வந்த கோபம் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் பாதியாகிவிட்டது. பெரியவர் கம்பி போடவில்லை. ராத்திரி பூரா தகர டின்னைத் தட்டிக்கொண்டு, நடு நடுவே பட்டாசு கொளுத்திப் போட்டுக்கொண்டு விழித்திருக்கிறார். "எனக்குத் தூக்கம் வராது தம்பி, அதனால சரி. அவனுக்கு வயசு முப்பது, பகல்ல வேலைக்கு வேற போறான்" என்றார். மலைபடுகடாம் காலத்தில் தினைப்புனம் காத்தவர்கள் மூங்கில் தட்டையைத் தட்டினார்கள், கவணில் கல் வீசினார்கள். அந்தக் கவண் கல் கிளைகளுக்கு நடுவே சீறிக்கொண்டு வரும், மரத்தை மறைவாக வைத்துப் போங்கள் என்று பாட்டில் அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியை இலக்கியமாகப் படிப்பதை விட்டுவிட்டு, செக்லிஸ்ட்டாகப் படித்தேன். ஆழமான மடு ஓரம் பாசி படிந்து வழுக்கும், கொடிகளைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறார். செய்யாற்றுப் பாறைகளில் தண்ணீர் கசியும்போது எந்த டயரும் நிற்காது; இறங்கித் தள்ள வெட்கப்படக் கூடாது. வழி தவறிவிட்டால் கையிலுள்ள வாத்தியங்களை ஒலிக்கச் செய்யுங்கள், கானவர்கள் கேட்டு வந்து உதவுவார்கள் என்கிறார். இதை நான் மணியடித்துப் பார்த்தேன். கானவர் வரவில்லை, நாய்தான் வந்தது.

நாய் என்றதும் நடுகல் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கத்தைச் சுற்றி நடுகற்கள் அதிகம். பெரும்பாலும் பல்லவர் காலத்தவை, பழையவற்றில் வட்டெழுத்து. மாடு கவர வந்தவர்களோடும், மாடு மீட்கவும் சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு ஊர் நட்ட கல். 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை, இரா. நாகசாமி பதிப்பில், 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் போராடிச் செத்தான். பக்கத்தில் நாய் ஒன்று செதுக்கியிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு குறிப்பு: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். பேரரசன் பெயர் வரும் கல்லில் நாய்க்கும் பேர் சொல்லி இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் கிராமத்து நாய்கள் துரத்தும்போதெல்லாம் கோவிவன் வம்சம் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நின்றால் முக்கால்வாசி நாய்கள் சலித்துப் போய்விடும்.

மலைபடுகடாமில் நடுகற்கள் பாதைகள் பிரியும் இடங்களில் வருகின்றன. அவற்றின் முன் கொஞ்சம் யாழ் வாசித்துவிட்டு விரைந்து போங்கள் என்கிறார் கூத்தர். அதை ஒட்டியே ரெண்டு விஷயம் சொல்கிறார், எனக்கு இந்தப் பாட்டிலேயே முக்கியமான அடிகள் அவைதான். ஒன்று, போகும் ஊர்களின் பெயர் தெரிவதற்காகக் கல்லில் எழுத்து வெட்டி, மரா மரத்தடியில் வைத்திருப்பார்கள். கைகாட்டிப் பலகை. இன்னொன்று, இந்த நிலத்தை முன்பின் அறியாத புதியவர்களே, பாதைகள் கூடும் இடத்தைத் துடைத்துவிட்டு, சரியான வழியில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் இருப்பதற்காக.

புல் முடிச்சு! முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு விடும் அடையாளம். முதலில் படித்தபோது, அட, இது ஜிபிஎஸ் தடம் அல்லவா என்று குதித்தேன். நண்பர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பந்தலில் உட்கார்ந்த காலைக்குப் பிறகு, நேர் எதிர் என்று புரிந்தது.

புல் நாலு நாளில் காய்ந்துவிடும், ஆடு மேய்ந்துவிடும். அதாவது அந்த அடையாளத்துக்கு ஆயுள் உண்டு. எங்கள் தொழிலில் கேஷ் என்று ஒன்று உண்டு. எடுத்து வைத்த தகவலுக்கு ஒரு காலாவதி நேரம் போடாவிட்டால் பழைய பதிலையே புதிய பதில் மாதிரி தந்துகொண்டே இருக்கும். எத்தனை ராத்திரி இதனால் தூக்கம் போயிருக்கிறது! என் தடம் அப்படித்தான். சித்திரையில் தரிசாக இருந்த வரப்பைப் பதிவு செய்து, ஓர் ஆப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றி, 'அருமையான பாதை, அதிகாலையில் போகவும்' என்று குறிப்பு வேறு எழுதியிருந்தேன். வரைபடத்தில் அந்தக் கோட்டுக்குப் புரட்டாசி தெரியாது. மல்லாட்டை தெரியாது. கம்பி தெரியாது. அது என்றைக்கும் பச்சையாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். என் தடத்தை நாற்பத்து மூன்று பேர் எடுத்துச் சேமித்திருந்தார்கள். வரப்பு பெரியவரும் அவர் பக்கத்துக்காரரும் பகிர்ந்துகொள்வது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து பத்துப் பதினைந்து பேராக வருகிறார்கள், வரப்பு ரெண்டு இடத்தில் உடைந்து மடைத் தண்ணி அடுத்த நிலத்துக்குப் போனது, ஒரு தடவை வேலிக்காத்தான் வெட்டிப் போட்டு மறித்தார்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார். "எப்படித்தான் இந்த வழி கண்டுபுடிச்சு வர்றானுங்களோ" என்று அவர் என்னிடமே கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை.

தடத்தை அன்றே அழித்தேன். என் பக்கத்தில் அழிந்தது. சேமித்தவர்கள் போனில் இருப்பதை நான் அழிக்க முடியாது. பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன்: ஐப்பசி முடியும் வரை போகாதீர்கள், எப்போது போனாலும் விடிந்த பிறகு போங்கள், கம்பி இருக்கிறது. பதினொரு பேர் பதில் போட்டார்கள். மிச்சப் பேரில் சிலருடைய கணக்கே இப்போது இயங்கவில்லை. அவர்கள் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்களா, வேறு ஆப்புக்குத் தடத்தோடு போய்விட்டார்களா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் ஓட்டும் வழியில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கு மேல் கிளம்பி, காஞ்சி வரை தார் ரோடு. அங்கிருந்து செய்யாற்றின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு கடலாடிப் பக்கம். பாட்டில் சொன்ன அதே உத்தி: கரையை விடாதே. ஆற்றோரம் சப்த கரைகண்டம் என்று ஏழு கரைகண்டேசுவரர் கோயில்கள் உண்டு. காஞ்சி, கடலாடி, பூண்டி, குருவிமலை அவற்றில் சில. ஒவ்வொன்றிலும் கிணறோ அடிபம்போ நிழலோ இருக்கும், சைக்கிளுக்கு அதைவிட என்ன வேண்டும். பர்வதமலை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பதோடு சரி. சங்கிலி பிடித்து ஏறும் அந்தப் பாதை காலுக்கானது. ஏற்றம்தான் வேண்டும் என்றால் போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலை இருக்கிறது, தொடை எரியும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை வேண்டுமென்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வாங்கி, ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் அத்தனை பேர் போன பிறகு மலையேற்றத்துக்கென்றே அரசு விதிகள் கொண்டுவந்தது. சைக்கிள் என்பதால் நமக்கு விலக்கு இல்லை. ஆபீஸ் காலைப் பத்தரைக்கு மாற்றிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கார்த்திகையில் தீபம் முடிந்த பிறகு ஒரு நாள் பெரியவரைப் பார்க்கப் போனேன். அந்தத் தடத்தை ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். அவருக்கு ஆப், தடம் எல்லாம் முழுசாகப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. கொஞ்ச நேரம் என் சைக்கிள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வரப்பு மேல வேணாம் தம்பி. கெணத்து மேட்டுப் பக்கமா வண்டிப் பாதை இருக்குது, அதுல போ. ஆடி பொறந்தா அதையும் உழுதுருவோம், அப்ப வந்து கேட்டுட்டுப் போ."